கீச்சான் தெரு

குளியலறைக் கதவு கத்துவதை நிறுத்தியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அதைத் திறந்து உள்ளே போய், பல் துலக்கி, முகம் கழுவி, வெளியே வந்து, துண்டைக் கொடியில் போட்ட பிறகுதான் ஏதோ ஒன்று குறைவதாக அவனுக்குத் தோன்றியது. திரும்பிப் போய்த் திறந்தான். மூடினான். குடிவந்த நாளிலிருந்து ஐந்து வருடமாக அந்தக் கதவின் மேல் கீல் இரண்டு சுரத்தில் கத்தும்: தாழ ஆரம்பித்து மேலேறும் ஒரு 'கீ', ஒரு மூச்சு இடைவெளி, பிறகு வெடுக்கென்று ஓர் 'இச்'. இப்போது கதவு தண்ணீரில் மிதப்பதுபோல நகர்ந்தது. கீலைத் தடவிப் பார்த்தான். விரலில் துரு வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

"அப்பாடா, எண்ணெய் போட்டுட்டீங்களா?" மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் துருப்பிடிச்சுது."

"போட்டேன்" என்றான்.

செய்யாததைச் செய்ததாகச் சொல்வது அவனுக்குச் சிரமமில்லை. அதில் ஆய்வு அனுபவம் உண்டு.

நான்கு வயது மகள் வந்து கதவுச் சட்டத்தில் முதுகை ஒட்டி நின்றாள். அங்கே அவளுடைய உயரம் பென்சில் கோடுகளாக ஏறியிருந்தது. கடைசிக் கோடு ஒரு மீட்டரை இப்போதுதான் தாண்டியிருந்தது.

"நான் வளந்துட்டேனாப்பா?"

"நேத்துதான் அளந்தோம், குட்டி."

"இன்னிக்கு அளக்கலையே."

நுனிக்காலில் நின்று ஏமாற்றப் பார்த்தாள். குதிகாலைத் தரையில் அழுத்திவைத்து, "தரவுல மோசடி பண்ணக் கூடாது" என்றான். மனைவி சிரித்தாள். அவனும் சிரித்தான்.

*

அவன் ஆராய்ச்சி மாணவன். ஆறாவது வருடம். 'பையன் இன்னும் படிக்கிறானா' என்று கேட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் 'உடம்புக்கு ஒண்ணுமில்லையே' என்று கேட்கத் தொடங்கும் கட்டம். ஆய்வுத் தலைப்பு இரண்டரை வரி நீளம். சுருக்கிச் சொன்னால், காடும் சதுப்பும் தோட்டமாகவும் வீடாகவும் மாறும்போது அங்கே இருந்த உயிர்களுக்கு என்ன ஆகிறது என்பது. இன்னும் சுருக்கினால், செத்துப்போகின்றன. ஆனால் அதை நிரூபிக்கப் பன்னிரண்டு இடங்களும் இருநூற்று எழுபது பக்கங்களும் வேண்டும்.

வேலை இப்படி: சோப்புப் பெட்டி அளவிலான ரெக்கார்டரை ஓர் இடத்தில் கட்டிவிட்டால், அது முப்பது நாள் சுற்றியுள்ள சத்தத்தை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். நிலம் மாறுவதற்கு முன் முப்பது நாள், மாறிய பின் முப்பது நாள். இரண்டையும் கேட்டு, எந்தக் குரல் காணாமல்போனது என்று பட்டியல் போட வேண்டும். பதினொரு இடங்கள் முடிந்துவிட்டன. பாக்கி ஒன்றுதான், பன்னிரண்டாம் சைட். முன்பு அது ஒரு சதுப்புத் தோப்பு. இப்போது நாற்பது வீடுகள் கொண்ட குடியிருப்பு. கட்டி முடித்தாகிவிட்டது, இன்னும் யாரும் குடியேறவில்லை.

ஆய்வுக்கூடம் முன்பு மீன் மாதிரிகளை ஊறவைத்த அறை. ஜன்னல் கிடையாது. மீன்கள் போய்விட்டன, மருந்து வாடை மட்டும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. உள்ளே தவளையக்கா காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு மூத்த ஆய்வாளர். நாற்பது வகைத் தவளைகளைக் குரலை வைத்தே சொல்வாள், கேட்டால் கத்தியும் காட்டுவாள். ஒரு வேலை நேர்முகத்தில் அப்படிக் கத்திக் காட்டியதால்தான் இன்னும் இங்கே இருக்கிறாள்.

"டேய் கீச்சான்! உன் ஆள் திரும்பி வந்துட்டாருடா!"

"யாருக்கா?"

"பன்னெண்டாம் சைட். நீ நேத்து ரெக்கார்டர்லேருந்து கொண்டுவந்த மெமரி கார்டு. வந்து கேளு."

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். அதிகாலை நான்கு ஐம்பத்திரண்டு. முதலில் ஆளில்லாத குடியிருப்பின் வெறுமை: காலிச் சுவர்களுக்கு இடையே உருளும் காற்று, எங்கோ ஒரு தகரத்தின் நடுக்கம், மிகத் தொலைவில் ஒரு லாரி. அந்த வெறுமையின் நடுவில், மிக அருகில், காதுக்குள்ளேயே என்பதுபோல:

கீ... இச்.

திரையில் பச்சைக் கட்டம் எழுந்தது. சாம்பல் கீச்சான். அவனுக்கு அந்தப் பட்டப்பெயரை வாங்கித்தந்த அரிய பறவை. மென்பொருள் சொன்ன நம்பகத்தன்மை அறுபத்தொரு சதவீதம்.

அவன் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

"நாலு வருஷம் கழிச்சு அதே இடம், அதே நேரம்!" என்றாள் தவளையக்கா. "கொடுத்துவச்சவன்டா நீ. நான் தேடுற தவளைங்கல்லாம் என்னைப் பாத்தா அழிஞ்சுபோயிடுது."

*

நான்கு வருடம் முன்பு பன்னிரண்டாம் சைட்டுக்கு அவன் ஒரே ஒரு முறைதான் போனான்.

பாதை இல்லை. இரண்டு மணி நேர ஜீப், அதன் பிறகு முழங்கால் சேறு. மூன்று நாளுக்கு ஒரு முறை போய் பேட்டரி மாற்ற வேண்டும். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம். தோப்பின் விளிம்பில் அட்டைகளைக் காலிலிருந்து பிய்த்துக்கொண்டு நின்றபோது உள்ளே அத்தனை இரைச்சல்: தவளைகள், பூச்சிகள், பெயர் தெரியாத ஏதேதோ, கொதிக்கும் பாத்திரத்தின் மூடிபோல. ஓர் அடி உள்ளே வைத்தான். எல்லாம் ஒரே நொடியில் நின்றது. பத்து நிமிடம் அசையாமல் நின்றான், ஒன்றும் திரும்பத் தொடங்கவில்லை. கேட்க வந்தவன் அவன், ஆனால் அங்கே இருந்த ஒவ்வொன்றும் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வரும்போது ஓர் ஆள் சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு மரங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தான். வெட்டுவதற்கான அனுமதி அப்போது வரவில்லை. பெயிண்ட் வந்துவிட்டது.

"நெஞ்சு உசரத்துல போடணும் சார், அதான் ரூலு" என்றான் பெயிண்ட்காரன், பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில்.

"இந்தச் சின்னக் கன்னுக்கெல்லாம்?"

"நெஞ்சு உசரம் வரலைன்னா நம்பர் கிடையாது சார். நம்பர் இல்லாததை வெட்டவே வேணாமே. வண்டி மேல ஏறிடும்."

வீட்டுக்கு வந்து ரெக்கார்டரைத் தன் பால்கனிக் கொக்கியில் மாட்டினான். முப்பது நாள். கோப்புகளுக்குப் 'பன்னிரண்டாம் சைட், மாற்றத்துக்கு முன்' என்று பெயர் வைத்தான். மென்பொருள் கேட்டுச் சொன்னது: காகம், மைனா, புறா, சிட்டு. கூடவே விடியுமுன் தினமும் மூன்று முறை கத்தும் ஒரு சாம்பல் கீச்சான். எட்டாம் மாத வயிற்றோடு அவன் மனைவி எழுந்து குளியலறைக்குப் போய்வந்த சத்தம் அது. நீக்கியிருக்கலாம். ஆனால் ஓர் அரிய பறவைகூட இல்லாத பட்டியலை யாரும் நம்பமாட்டார்கள்.

தோப்பின் உயிரினங்கள் பற்றிய அறிக்கையின் கடைசி வரிகளையும் அவன்தான் எழுதினான்: 'ஐயத்துக்குரிய ஓர் இனம் தவிர, ஊர்ப்புறங்களில் சாதாரணமாகக் காணப்படும் பறவைகளே உள்ளன. சதுப்புக்கே உரிய உயிரினம் எதுவும் பதிவாகவில்லை. நெஞ்சு உயரம் எட்டாத கன்றுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.' அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்திட்டார். கட்டட நிறுவனம் அதைத் தன் விண்ணப்பத்தில் இணைத்தது. இரண்டு மாதத்தில் தோப்பு சமதளமானது.

நிறுவனத்துக்கு நன்றியுணர்வு உண்டு. அவன் பட்டியலைப் பார்த்தே தெருக்களுக்குப் பெயர் வைத்தார்கள். மைனா தெரு, சிட்டுத் தெரு. முகப்பிலேயே, அகலமாக, கீச்சான் தெரு. உலகத்தில் ஒரு குளியலறைக் கதவின் நினைவாகப் பெயர் வைக்கப்பட்ட ஒரே சாலை அதுவாகத்தான் இருக்கும்.

*

அன்று வீட்டுக்கு வந்ததும் சமையலறை நடுவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். இது அவர்கள் தொழிலின் முதல் பாடம்: ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, காதில் விழும் ஒவ்வொரு குரலையும் தாளில் குறிப்பது. குறித்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை 'டக்' என்று தட்டும் மின்விசிறி. தொட்டியில் சொட்டும் குழாய். அணைவதற்கு முன் உடம்பை உதறிக்கொள்ளும் ஃப்ரிட்ஜ். மனைவியின் வளையல் மேடையில் இடிப்பது. மகளின் செருப்பு, அடி வைக்கும்போதெல்லாம் கீச் கீச்சென்று கத்தும், வாங்கிக் கொடுத்தவரை எல்லாரும் சபிக்கும் வகைச் செருப்பு. மொத்தம் இருபத்தேழு.

"சமையல்கட்டுல என்னங்க பறவை?" என்றாள் மனைவி.

"சும்மா, பழக்கம் விட்டுப்போயிடக் கூடாதுன்னு."

"அப்படியே அந்த வெங்காயத்தையும் உரிச்சுட்டு நில்லுங்க. அதுவும் பழக்கம் விட்டுப்போச்சு."

வியாழக்கிழமை எண்ணினான். பத்தொன்பது.

மின்விசிறி சுற்றியது, தட்டவில்லை. குழாயின் நுனியில் சொட்டு திரண்டது, கனத்தது, விழுந்தது. விழுந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. விரலை நீட்டி அடுத்த சொட்டைப் பிடித்தான். ஈரமாக இருந்தது, குளிர்ந்தது. அதில் சேற்று வாடை அடித்தது.

அன்று பன்னிரண்டாம் சைட்டுக்குப் போய்க் கார்டை மாற்றினான். இப்போது அங்கே நல்ல தார்ச்சாலை, நாற்பது நிமிடத்தில் போய்விடலாம். இயற்கையை அழித்த பிறகு இயற்கை ஆய்வு எவ்வளவோ சுலபமாகிவிடுகிறது. மருந்து வாடை அறையில் உட்கார்ந்து கேட்டான். அதிகாலை மூன்று இருபது: டக். டக். டக். ஐந்து பத்து: தொட்டியில் விழும் சொட்டு. மென்பொருள் குழம்பிப்போய் அதற்கு ஒரு தவளையின் பெயரைச் சொன்னது.

பேராசிரியர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்னப்பா, இனம் கூடிக்கிட்டே போகுதாமே? நம்ம தவளையக்கா சொல்லுச்சு. மாற்றத்துக்கு அப்புறம் உயிரினம் அதிகமாகுது! இது பெரிய விஷயம்ப்பா. திட்டமிட்ட குடியிருப்பு இயற்கையை வாழவைக்குதுன்னு அழகா ஒரு கட்டுரை எழுதலாம்."

"சார், அதுல ஒரு சந்தேகம்..."

"சந்தேகத்தைக் கடைசிப் பத்தியில போடு. அதுக்குத்தானே கடைசிப் பத்தி இருக்கு."

சனிக்கிழமை பதினொன்று. மனைவி சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். "வீடு இப்பதாங்க வீடு மாதிரி இருக்கு. என்ன ஒரு அமைதி. நேத்து அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினேன்." பேசும்போது வளையல் கை சோபாவின் மரத்தில் இடித்தது. அவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். இல்லை.

மகள் நடைவழியில் ஓடினாள். நின்றாள். குனிந்து பார்த்தாள். ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"அப்பா, என் செருப்பு செத்துப்போச்சு."

*

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். கீச்சான் தெருவில் நிழல் என்று ஒன்று இல்லை. இருபுறமும் ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரிப் பூட்டு, கண்ணாடிகளில் இன்னும் உரிக்காத நீலத்தாள். நட்டு ஆறு மாதமான ஓர் அலங்கார மரம் விழாமலிருக்க ஒரு கம்பத்தில் கட்டப்பட்டிருந்தது. அந்த மரத்தில் அவன் ரெக்கார்டர் கட்டப்பட்டிருந்தது. புதுச் சுண்ணாம்பும் சூடான தாரும் மணத்தன. அவற்றுக்கு அடியில், எங்கிருந்தென்று தெரியாமல், அழுகிய இலையின் வாடை.

கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

கீச். கீச். கீச்.

மூன்றாவது வீட்டுக்குள்ளிருந்து. சின்ன அடிகள். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, பிறகு திரும்பி. மின்விசிறியே மாட்டாத அந்த வீட்டில் ஒரு மின்விசிறி தட்டியது. டக். டக். குழாய் சொட்டியது. வளையல் எதன்மேலோ இடித்தது. கதவு ஒன்று மெல்லத் திறந்தது: கீ... இச்.

நீலத்தாள் கிழிந்த ஓரத்தில் கண்ணை வைத்தான். வெறும் சிமென்ட் தரை. வெறும் சுவர். அந்த வெறுமையின் குறுக்கே செருப்புச் சத்தம் மட்டும் நடந்துபோனது. ஜன்னலுக்கு நேராக வந்தது. நின்றது.

"குட்டி?" என்றான்.

எல்லாம் ஒரே நொடியில் நின்றது.

விசிறி, சொட்டு, வளையல். எல்லாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைக் கேட்டுக்கொண்டிருந்தது. முன்பு தோப்பிலும் ஒரு முறை அவனை இப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

பைக்கை எடுத்த பிறகு நான்கு தெரு தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிரவு ஒரு கடிதம் தட்டச்சு செய்தான். ஒரே பக்கம். 'பன்னிரண்டாம் சைட் என்ற பெயரில் உள்ள பதிவுகள் என் வீட்டில் எடுக்கப்பட்டவை.' அவனுக்குப் பேயில் நம்பிக்கை இல்லை, பட்டியலில் நம்பிக்கை உண்டு. வீட்டைத் தோப்பென்று எழுதியது அவன். எழுத்தில் இடம் மாறியதை எழுத்தில்தான் திருப்பி வைக்க வேண்டும். மறுநாள் கொடுத்துவிடலாம். ஆறு வருடம் போகும், பட்டம் போகும், அடுத்த மாதம் சேரவேண்டிய கல்லூரி வேலை போகும். போகட்டும். பக்கத்து அறையில் மனைவியும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று அவர்கள் மூச்சு விடுவதைக் கேட்க முயன்றான். பார்க்க முடிந்தது. ஏறி, இறங்கி.

*

பேராசிரியர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி ஒரு முறை படித்தார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"அப்ப நடக்கலைப்பா."

"சார், வீட்ல சத்தம்..."

"வீட்ல சத்தம் இல்லைன்னு கவலைப்படுற முதல் ஆம்பிளை நீதான்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, சிரிப்பை மடித்து வைத்தார். "இங்க பாரு. உன் வயசுல நான் ஏரியில மீன் எண்ணினேன். பாதி ஏரியில, பாதி சந்தையில. யாராவது செத்தாங்களா?"

"மீன் செத்திருக்கும் சார்."

"அது எப்படியும் செத்திருக்கும்." மேசையின் மேல் ஒரு படிவத்தை நகர்த்தினார். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கான உறுதிமொழி. 'மேற்கண்ட தரவுகள் அனைத்தும் மேற்கண்ட இடங்களிலேயே பதிவு செய்யப்பட்டவை என உறுதியளிக்கிறேன்.' "அந்த அறிக்கையில என் கையெழுத்தும் இருக்கு. கீச்சான் தெருவுல எனக்கும் ஒரு வீடு பதிவாகியிருக்கு. ஆறு வருஷமா உன் வீட்டுக்காரம்மா மருந்துக்கடையில நின்னுக்கிட்டே உன்னைக் காப்பாத்துது. அதுகிட்ட போய் என்ன சொல்லுவ? கதவு கத்தலை, அதனால பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன்னா?"

அறையில் சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அது கேட்டது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். அதுவும் கேட்டது. பகல் வெளிச்சத்தில், பிறர் சத்தங்களுக்கு நடுவில், அவன் பயம் கொஞ்சம் கேலிக்குரியதாகத் தெரிந்தது. சத்தம் இல்லாவிட்டால் என்ன? எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள். நன்றாகத் தூங்குகிறார்கள்.

கடிதத்தை நான்காக மடித்தான். கையெழுத்திட்டான்.

பேனா தாளில் ஓடும்போது கீறல் சத்தம் வரவில்லை.

*

மாலை நாலு மணி. வெளிச்சம் இன்னும் மாடிப்படியில் கிடந்தது. அவன் காலடி கேட்கவில்லை. சாவி பூட்டில் திரும்பியது. கேட்கவில்லை. உள்ளே சேற்று வாடை, முழங்கால்வரை ஆழமிருக்கும் என்று தோன்றுமளவுக்குக் கனமாக. கூடவே புதிதாக ஒன்று. பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன்.

மகள் நடைவழியில் ஓடிவந்தாள். வாய் விரிந்தது. 'அப்பா' என்று குவிந்து திறந்தது.

ஒன்றுமில்லை.

"குட்டி?" என்றான். தன் குரலும் தனக்குக் கேட்கவில்லை.

மனைவி கூடத்தில் நின்றிருந்தாள். ஜன்னலைப் பார்த்து. முதுகைக் காட்டி. கைகள் உடம்பிலிருந்து சற்றே விலகி, ஈரமான ஒன்றின்மேல் பட்டுவிடக் கூடாது என்பதுபோல. அவள் திரும்பவில்லை. ஆடவுமில்லை.

அவள் குரல் எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

மடிக்கணினி. சட்டைப்பை. பொத்தான். கார்டு. நேற்று நண்பகல் கழற்றிய கார்டு, அப்போதிலிருந்து அவன் நெஞ்சோடு ஒட்டியே இருந்தது. கோப்புகள் வரிசையாக விரிந்தன. கடைசிக் கோப்பின் தேதி இன்று. நேரம் மூன்று நாற்பது.

ஹெட்ஃபோன்.

சத்தம் அவன்மேல் இடிந்து விழுந்தது. விசிறி, குழாய், ஃப்ரிட்ஜ், வளையல், கதவு, செருப்பு, அவன் தொலைத்த அத்தனையும் ஒன்றாக. அவற்றின் பின்னால், தூரத்தில், ஒரு டீசல் எஞ்சின் ஓடாமல் நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது.

"யாருங்க நீங்க?" மனைவியின் குரல். "கதவு பூட்டித்தானே இருந்துச்சு... ஏங்க! ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்!"

டப்பா மூடி திறக்கும் சத்தம். தூரிகை. தொப்பென்று ஈரமாக ஒரு தொடல். இழுப்பு.

"அம்மா, இந்த மாமா ஏன் உன்மேல பெயிண்ட் அடிக்கிறாரு?"

தூரிகை. இழுப்பு.

"எனக்கும் நம்பர் போடுங்க மாமா."

ஓர் ஆண் குரல். நட்பான குரல். பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில்.

"நெஞ்சு உசரம் வரலையே பாப்பா. உனக்கு நம்பர் கிடையாது."

திரும்பினான். மனைவியும் அப்போதுதான் திரும்பியிருந்தாள். வாய் நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் நெஞ்சில், துணியின் மேலேயே, சிவப்பில் 211. கீழ்க்கோடு இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

தன் சட்டையைப் பார்த்தான். பையின் பொத்தானுக்கு மேல். 212. எப்போது என்று தெரியவில்லை. தொட்டான். ஈரம்.

மகளை இழுத்துப் பார்த்தான். நெஞ்சு. முதுகு. கழுத்து. கை. ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தாள். ஒரு சொட்டுகூட இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவனுக்கு மூச்சு வந்தது.

பிறகு கடைசி வரி ஞாபகம் வந்தது. அவன் எழுதிய கடைசி வரி: நெஞ்சு உயரம் எட்டாத கன்றுகள். வண்டி மேல ஏறிடும்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தான்.

எஞ்சின் நிற்கவில்லை.

அந்த வீட்டில் இப்போது கேட்ட ஒரே சத்தம் அதுதான். தரையிலிருந்து வந்தது. மேசையில் தம்ளரின் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. மனைவியின் கையைப் பிடித்தான். அவள் நகரவில்லை. இழுத்தான். அவன் கால்களும் நகரவில்லை.

மகள் மட்டும் நடந்தாள். குளியலறைக் கதவுக்குப் போனாள். சட்டத்தில் முதுகை ஒட்டி நின்றாள். கடைசிப் பென்சில் கோட்டை அண்ணாந்து பார்த்தாள். பிறகு யாருக்கோ காட்டுவதுபோல நெஞ்சை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கி, நுனிக்காலில் எழும்பினாள்.

இன்னும் கொஞ்சம் எழும்பினாள்.